கோடைக் கவுனுக்கு வெள்ளை ஸ்னீக்கர்: எங்கே இடிக்கிறது?

கோடைமழை:
தோழிகளே, ஒரு உதவி வேண்டும். என்னிடம் மூன்று கோடைக் கவுன்கள் இருக்கின்றன. முதலாவது முழங்காலுக்குச் சற்று மேலே நிற்கும் பருத்திக் கவுன், இடுப்பில் சுருக்கம் வைத்தது. இரண்டாவது காலரும் முன்பக்கம் முழுக்கப் பட்டன்களும் உள்ள சட்டைக் கவுன். லினன், சந்தன நிறம், முழங்காலுக்குக் கீழே அரைச் சாண் இறங்கும். மூன்றாவது பூப்போட்ட ரேயான் மேக்ஸி, தரையைத் தொடும். மூன்றுக்கும் ஒரே ஜோடி வெள்ளை ஸ்னீக்கர்தான் போடுகிறேன்.

முதல் கவுனோடு பிரமாதமாக இருக்கிறது, அதில் எந்தக் குறையும் இல்லை. சட்டைக் கவுனோடு போட்டால் என் கால் குட்டையாகித் தடித்துவிட்டது போலத் தெரிகிறது. மேக்ஸியோடு போட்டால், வேறு எங்கோ போகக் கிளம்பியவள் அவசரத்தில் ஷூவை மட்டும் மாற்றாமல் வந்துவிட்ட மாதிரி ஒரு தோற்றம். மற்றவர்கள் போட்டுப் பார்க்கும்போது அழகாகத்தானே இருக்கிறது? எனக்கு மட்டும் எங்கே இடிக்கிறது?

ஷூ ஓட்டப் பயிற்சிக்குப் போடும் வகை. வெள்ளைதான், பக்கவாட்டில் வெள்ளிப் பட்டை உண்டு, சோல் தடிமன். "பேசாமல் செருப்பே போடு" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நாள் முழுக்க நின்றும் நடந்தும் செய்யும் வேலை எனக்கு. கோடையில் வார் வைத்த செருப்பு போட்டாலே குதிகாலில் கொப்புளம் வந்துவிடும்.

ஊசிநூல்:
நான் தையல் வேலை செய்பவள். அதனால் ஷூவைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் கவுனின் கீழ் ஓரத்தைப் பார்க்கச் சொல்வேன். நீங்கள் எழுதியதிலேயே விடை இருக்கிறது: "முழங்காலுக்குக் கீழே அரைச் சாண்." நம்மில் பெரும்பாலோருக்குக் கெண்டைக்கால் மிகவும் பருத்திருக்கும் இடம் ஏறக்குறைய அதுதான். அங்கே துணி முடிந்தால், பார்க்கிறவர் கண் அந்த அகலத்தில் போய் நிற்கும். அதற்குக் கீழே ஒட்டுமொத்தமாக ஒரு வெள்ளை ஷூவும் வந்தால் கண் அங்கே இரண்டாவது முறை நிற்கும். நடுவில் தெரியும் கால் துண்டு துண்டாகிவிடும். தோல் நிறத்துக்குப் பக்கத்தில் வரும் செருப்பு போட்டால் இந்தத் தொந்தரவு தெரியாது, ஏனென்றால் கால் எங்கே முடிகிறது என்று கண்ணுக்குச் சட்டென்று பிடிபடாது. வெள்ளை அப்படி மறைத்துக் கொடுக்காது.

ஒரு சோதனை செய்து பாருங்கள். அந்த ஷூவைப் போட்டுக்கொண்டு ஆளுயரக் கண்ணாடி முன் நில்லுங்கள். வீட்டில் யாரையாவது கூப்பிட்டு, கவுனின் ஓரத்தை 2 செ.மீ. 2 செ.மீ. ஆக உள்ளே மடித்துக் குண்டூசி குத்தச் சொல்லுங்கள். ஒவ்வொரு மடிப்புக்கும் நான்கடி பின்னால் போய்ப் பாருங்கள். கிட்ட நின்று பார்த்தால் எல்லாமே சரியாகத்தான் தெரியும். ஏதோ ஓர் உயரத்தில் கால் சட்டென்று நீளமாகிவிடும். அந்த இடத்தை நீங்களே கண்டுபிடிப்பீர்கள், நான் சொல்லத் தேவையில்லை.

மேக்ஸி வேறு கதை. தரையைத் தொடும் கவுனுக்கு அடியில் ஷூவின் மூக்கு மட்டும் எட்டிப் பார்க்கும். பாதி தெரிந்து பாதி மறைந்திருப்பதுதான் அங்கே உறுத்துவது. கணுக்கால் எலும்புக்கு மேல் மூன்று நான்கு விரல் ஏற்றிவிட்டால் ஷூ முழுசாகத் தெரியும், கொஞ்சம் காலும் தெரியும், இது வேண்டுமென்றே போட்டதுதான் என்பதும் புரியும்.

ரேயான் என்றீர்கள், அதனால் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கத்தரிக்கோல் வைப்பதற்கு முன்னால் ஒருமுறை துவைத்துக் காயப் போடுங்கள், துவைப்பில் அது சுருங்கும். பிறகு ஒரு முழு நாள் ஹேங்கரில் தொங்கவிடுங்கள், தன் எடையில் இறங்கும். இரண்டும் முடிந்த பிறகுதான் அளவு குறிக்க வேண்டும். வெட்டிய பிறகு துவைத்துவிட்டு ஓடிவந்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். அப்போது எதுவும் செய்ய முடியாது.

நடைப்பிரியை:
அக்கா ஓரத்தைச் சொல்லிவிட்டார், நான் ஷூவுக்கு வருகிறேன். "வெள்ளை ஸ்னீக்கர்" என்று ஒரே பெயரில் நாம் கூப்பிடுவதில் குறைந்தது மூன்று சாதி இருக்கிறது. ஓட்டத்துக்கான ஷூ, டென்னிஸ் வழியில் வந்த தட்டைச் சோல் ஷூ, கேன்வாஸ் ஷூ. ஓட்ட ஷூவில் குதிகால் பக்கம் சோல் உயர்ந்திருக்கும், மூக்கு மேல்நோக்கி வளைந்திருக்கும், மேலே வலைத்துணி, பட்டைகள், ஒட்டுவேலை எல்லாம் இருக்கும். ஓடுவதற்காக வரைந்த கோடுகள் அவை. சும்மா தொங்கிக்கொண்டிருக்கும் கவுனுக்குக் கீழே அந்தக் கோடுகள் தனியாக ஓடிக்கொண்டிருக்கும். உங்கள் மேக்ஸியில் இடிப்பது பாதி அக்கா சொன்ன நீளம், பாதி இது.

தட்டையான டென்னிஸ் வகை கவுனோடு இயல்பாகப் போவதற்குக் காரணம் இருக்கிறது. அது பாவாடைக்குக் கீழே வந்தது நேற்று இன்று இல்லை. 1919-இல் பிரெஞ்சு டென்னிஸ் வீராங்கனை சுசான் லெங்லென் விம்பிள்டனில் ஆட வந்தபோது, இடுப்பை இறுக்கும் கோர்செட் இல்லாமல், கெண்டைக்கால் தெரியும் அளவுக்கு ஏறிய தளர்வான வெள்ளை உடையில் வந்தார். அந்தக் காலத்துக்கு அது பெரிய அதிர்ச்சி. காலில் வெள்ளை டென்னிஸ் ஷூ. நாம் இன்றைக்குப் புதுசு என்று நினைக்கும் சேர்க்கைக்கு நூறு வயது தாண்டிவிட்டது. இத்தாலியின் சுபெர்கா 2750 கேன்வாஸ் ஷூவும் 1925-இல் வந்ததுதான், அதன் உருவம் இன்றும் பெரிதாக மாறவில்லை. அடிடாஸின் ஸ்டான் ஸ்மித் என்ற டென்னிஸ் ஷூ முதலில் பிரெஞ்சு ஆட்டக்காரர் ராபர்ட் ஹைலெட்டின் பெயரில் 1960-களில் வந்தது, பிறகுதான் பெயர் மாறியது. இந்த இரண்டையும் மனக்கண்ணில் நிறுத்திப் பாருங்கள்: தட்டைச் சோல், உருண்டை மூக்கு, மேலே எந்தக் கலாட்டாவும் இல்லாத வெறும் வெள்ளை. இவற்றைத்தான் வாங்க வேண்டும் என்று சொல்ல வரவில்லை. கடையில் எந்தப் பெயரில் கிடைத்தாலும் இந்த உருவத்தைத் தேடுங்கள் என்கிறேன்.

வேலைக்குப் போகும் உடையோடு ஸ்னீக்கர் போடுவதற்கும் பழைய கதை உண்டு. 1980 ஏப்ரலில் நியூயார்க்கில் பேருந்து, சுரங்க ரயில் ஊழியர்கள் 11 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அலுவலகம் போகும் பெண்கள் பாவாடையும் கோட்டும் போட்டு, காலில் ஸ்னீக்கரோடு நடந்தே போனார்கள். வேலைநிறுத்தம் முடிந்தும் பலர் அந்தப் பழக்கத்தை விடவில்லை. நாள் முழுக்க நடக்கிறவள் என்று கோடைமழை எழுதியதைப் படித்ததும் எனக்கு அவர்கள் ஞாபகம்தான் வந்தது.

வெண்பஞ்சு:
நடைப்பிரியை சொல்வதில் பாதியை நான் ஏற்கவில்லை. மெலிந்த ஷூதான் கவுனுக்கு லாயக்கு என்றால், தடித்த சோல் போட்டு நன்றாக இருக்கிறவர்களை எங்கே வைப்பது? என்னிடம் அடுக்கடுக்காகச் சுருக்கம் வைத்த ஒரு மேக்ஸி இருக்கிறது. கீழ் அடுக்கில் மட்டும் எத்தனை மீட்டர் துணி என்று எனக்கே தெரியாது. அதற்கு மெல்லிய கேன்வாஸ் போட்டால் பாதமே காணாமல் போய்விடுகிறது. பெரிய மணிக்குள் சின்ன நாக்கு போல. 4 செ.மீ. சோல் உள்ள ஷூ போட்டதும் அந்தத் துணிக்கு ஓர் அடித்தளம் கிடைத்தது.

அதேபோல சாட்டின் மாதிரி வழுக்கும், மெல்லிய வார் வைத்த நேர்க்கவுன். அதோடு நாசூக்கான ஷூ போட்டால் இரவு உடை போலாகிவிடும். கனமான ஷூ போட்டால்தான் அது பகலுக்கு வரும். ஆகவே மெலிசா தடிமனா என்பது கவுனில் எவ்வளவு துணி இருக்கிறது, அது எப்படி விழுகிறது என்பதைப் பொறுத்தது.

ஊசிநூல்:
வெண்பஞ்சு, அடுக்கு மேக்ஸி விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. கீழே கனம் உள்ள கவுனுக்குக் கீழே கனம் உள்ள ஷூ தாங்கும். ஆனால் கோடைமழையின் பூப்போட்ட ரேயானில் அத்தனை துணி இருக்காது, உடம்போடு ஒட்டி விழும். அதற்கு இன்னும் மெலிந்த ஷூவைத்தான் சொல்வேன். சாட்டின் கவுனைப் பற்றி நீங்கள் சொன்னதை நான் யோசித்ததில்லை. நாளைக்கே ஒருவருக்குச் சொல்லிப் பார்க்கிறேன்.

மூன்றாம்மாடி:
எல்லோரும் தோற்றத்தைப் பேசுகிறீர்கள். கோடைமழைக்குக் கொப்புளம் வரும் என்பதை விட்டுவிடாதீர்கள். நான் கோடை முழுக்கக் கவுனும் ஸ்னீக்கருமாகத் திரிகிறவள், கொப்புளத்தோடு போராடிக் கற்றது இது.

சாக்ஸ் இல்லாமல் போடாதீர்கள். கவுனுக்குக் கீழே சாக்ஸ் தெரியக் கூடாது என்று நினைத்து வெறுங்காலோடு போட்டால், வியர்வையில் தோல் ஊறி மென்மையாகிவிடும். உள்ளே இருக்கும் எலும்பு ஒரு பக்கம் நகர, மேல் தோல் ஷூவோடு ஒட்டி நிற்க, நடுவில் உள்ள அடுக்கு இழுபட்டுக் கிழியும். அந்த இடத்தில் நீர் சேர்வதுதான் கொப்புளம். ஷூவுக்குள்ளேயே மறைந்துவிடும் குட்டை சாக்ஸ் வாங்குங்கள். ஆனால் குதிகால் உள்பக்கம் சிலிகோன் பட்டை இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். பட்டை இல்லாதது பத்து அடி நடப்பதற்குள் சுருண்டு உள்ளங்காலுக்குப் போய்விடும். முழுப் பருத்தி வேண்டாம், அது வியர்வையைக் குடித்துவிட்டு ஈரமாகவே இருக்கும். செயற்கை இழை கலந்தது சீக்கிரம் உலரும்.

புது ஷூ வாங்குவதாக இருந்தால் சாயங்காலம் போங்கள். நாள் முழுக்க நின்ற கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், வெயில் காலத்தில் இன்னும் அதிகம். காலையில் கச்சிதமாக இருந்த ஷூ சாயங்காலம் கடிக்கும். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். எந்த சாக்ஸ் போடப் போகிறீர்களோ அதையே எடுத்துக்கொண்டு போங்கள். தட்டைச் சோல் ஷூவில் உள்ளங்கால் வளைவுக்குத் தாங்கல் குறைவு. ஓட்ட ஷூவிலிருந்து திடீரென்று மாறினால் முதல் வாரம் கெண்டைக்கால் வலிக்கலாம். முதலில் இரண்டு மூன்று மணி நேரம் மட்டும் போட்டுப் பழகுங்கள், தேவைப்பட்டால் தனியாக ஓர் இன்சோல் போட்டுக்கொள்ளுங்கள்.

கோடைமழை:
எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு குண்டூசிச் சோதனை நடந்தது. என் தங்கை தரையில் உட்கார்ந்து குத்தினாள், நான் நின்றேன்.

சட்டைக் கவுனை முதல் மடிப்பு 2 செ.மீ. ஏற்றினோம், ஒன்றும் மாறவில்லை. 4-இல் கொஞ்சம் பரவாயில்லை. 8-க்கு வந்ததும் தங்கை "அங்கேயே நில்லு" என்றாள். ஓரம் முழங்காலுக்குச் சற்றுக் கீழே, கால் உள்ளே குறுகும் இடத்தில் வந்து நின்றிருந்தது. அதே கால், அதே ஷூ, ஆனால் கெண்டைக்கால் முழுசாக ஒரே வரியாகத் தெரிந்தது. இன்னும் ஏற்றிப் பார்த்தோம், 12-இல் கவுனின் பட்டன் வரிசை பாதியில் நின்றுவிட்டது போல இருந்தது. திரும்ப 8-க்கே வந்துவிட்டோம்.

மேக்ஸியை ஏற்றிவிட்டுத் தங்கையின் பழைய கேன்வாஸ் ஷூவைப் போட்டுப் பார்த்தேன். இவ்வளவு வித்தியாசம் இருக்கும் என்று நினைக்கவே இல்லை. என் ஷூவில் இருந்த வெள்ளிப் பட்டைதான் இத்தனை நாளும் என் கண்ணைக் குத்திக்கொண்டிருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது.

ஆனால் புதிதாக ஒன்று முளைத்திருக்கிறது. சந்தன நிற லினனுக்குக் கீழே என் பளீர் வெள்ளை ஷூ வந்தால், கவுன் துவைக்காமல் போட்டது போல மங்கித் தெரிகிறது. தங்கையின் கேன்வாஸ் பழசாகிக் கொஞ்சம் பழுப்பேறியது. அதோடு போட்டால் கவுன் சுத்தமாகத் தெரிகிறது. ஏன்?

வெண்பஞ்சு:
அது உங்கள் கண்ணின் வேலை. வெள்ளை என்பது எப்போதும் பக்கத்தில் இருப்பதை வைத்துத்தான் தெரியும். நீலச்சாயல் உள்ள பளீர் வெள்ளைக்குப் பக்கத்தில் சந்தனம், தந்தம், இளம் பழுப்பு எல்லாம் மஞ்சளாகிவிடும். இப்படி மஞ்சள் சாயல் உள்ள வெதுவெதுப்பான நிறக் கவுன்களுக்குப் பால் வெள்ளை ஷூ, சாயம் ஏற்றாத கேன்வாஸ் நிறம், இரண்டில் ஒன்று எடுங்கள். நீலம், பச்சை, கறுப்பு வெள்ளைக் கட்டம், பளீர் நிறத்தில் பெரிய பூக்கள் என்றால் பளீர் வெள்ளை. பூப்போட்ட கவுனாக இருந்தால் பூவின் நடுவிலோ ஓரத்திலோ வெள்ளை இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அந்த வெள்ளையும் ஷூவின் வெள்ளையும் ஒன்றுதானா என்று பகல் வெளிச்சத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குழல் விளக்கில் பார்த்து ஏமாந்துவிட வேண்டாம்.

நிழல்மரம்:
இத்தனை நாள் படிக்க மட்டும் செய்தேன், இப்போது கேட்கிறேன். எனக்கு 58 வயது. முழங்கால் வலியால் குதிகால் உயர்ந்த எதையும் விட்டு ஆறு வருடமாகிறது. நீளக் கவுனும் ஸ்னீக்கரும் எனக்கு வசதியாக இருக்கும், ஆசையும் இருக்கிறது. ஆனால் போட்டுக்கொண்டு வெளியே வரத் தயக்கம். என் வயதில் யாராவது போடுகிறீர்களா?

ஊசிநூல்:
நான் போடுகிறேன், எனக்கு 61. வாருங்கள்.

உங்களுக்கு நான் தைப்பதாக இருந்தால் கணுக்காலுக்கு மேல் நிற்கும் சட்டைக் கவுன், முழங்கைக்குச் சற்று மேல் வரும் கை, இடுப்பில் அதே துணியில் பெல்ட். துணி கொஞ்சம் விறைப்பான பருத்தி. காலில் தோல் ஷூ, எந்த எழுத்தும் பட்டையும் இல்லாத வெறும் வெள்ளை. வலி இருப்பதால் வழுக்காத சோல்தானா என்று முதலில் பாருங்கள், அழகு அதற்குப் பிறகுதான். லேஸ் கட்டக் குனிவது கஷ்டமாக இருந்தால் லேஸுக்குப் பதில் எலாஸ்டிக் நாடா கோத்துக்கொள்ளலாம். பார்க்க லேஸ் மாதிரியே இருக்கும், செருப்பு போல நுழைத்துவிடலாம்.

நிழல்மரம்:
எலாஸ்டிக் நாடா! இதற்காகவே எழுதினேன் போலிருக்கிறது. நன்றி அம்மா.

மூன்றாம்மாடி:
வெள்ளை ஷூ என்றாலே அடுத்த பேச்சு துவைப்பதுதான், யாரும் தொடவில்லையே. என் கேன்வாஸ் ஷூவை ஒரு சலவைக் கடையில் கொடுத்தேன். மூக்குப் பக்கம் முழுக்க மஞ்சள் வளையங்களோடு திரும்பி வந்தது, அழுதேவிட்டேன். அதன் பிறகு நானே துவைக்கிறேன்.

மஞ்சள் வருவது பெரும்பாலும் அழுக்கால் அன்று, துணியில் தங்கிப்போன சோப்பால். ஷூ உலரும்போது உள்ளே இருக்கும் ஈரம் மேல்பரப்புக்கு வந்து ஆவியாகும், வரும்போது சோப்பையும் அழுக்கையும் கூட்டிக்கொண்டு வந்து ஓரத்தில் விட்டுவிட்டுப் போகும். அதுதான் வளையம். அதனால் நுரை முழுசாகப் போகும்வரை அலச வேண்டும், நான் நாலைந்து தண்ணீர் மாற்றுவேன். பிறகு வெள்ளை டிஷ்யூ தாளை நனைத்து ஷூவின் மேல் முழுக்க ஒட்டிவிடுவேன். ஈரம் தாள் வழியாக வெளியேறும்போது மஞ்சள் தாளில் தங்கும், துணியில் தங்காது. மறுநாள் தாளை உரித்தெடுத்தால் அது பழுப்பாக இருக்கும், அடியில் ஷூ வெள்ளையாக இருக்கும். எத்தனை முறை செய்தாலும் அந்தத் தாளை உரிக்கும் நேரம் எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

உலர்த்துவது நிழலில், காற்றோட்டத்தில். வெயிலில் வைத்தால் ரப்பர் மஞ்சளாகும், ஒட்டு விடும். குளோரின் பிளீச் ஊற்றவே ஊற்றாதீர்கள், செயற்கை இழையை அதுவே மஞ்சளாக்கிவிடும். ரப்பர் ஓரத்துக்குச் சமையல் சோடாவைக் கொஞ்சம் தண்ணீரில் குழைத்துப் பழைய பல் துலக்கியால் தேய்த்தால் போதும். தோல் ஷூவை ஊறவைக்கக் கூடாது, ஈரத்துணியால் துடைத்து உடனே உலர்ந்த துணியால் ஒற்ற வேண்டும். லேஸைத் தனியாகக் கழற்றித் துவையுங்கள். ஷூ எவ்வளவு வெளுத்தாலும் லேஸ் சாம்பலாக இருந்தால் மொத்தமும் பழசாகத்தான் தெரியும். மாற்று லேஸ் ஒரு ஜோடி எப்போதும் வைத்திருங்கள்.

நடைப்பிரியை:
லேஸ் பேச்சு வந்ததால் சொல்கிறேன், கவுனோடு போடும்போது முடிச்சைப் பெரிய காதுகளாகத் தொங்கவிடாதீர்கள். தட்டையான லேஸைக் குறுக்கே நேர்க்கோடுகளாகக் கோத்து, நுனியை உள்ளே செருகிவிட்டால் ஷூ அப்படியே அமைதியாகிவிடும். நடை அதிகம் உள்ள நாளில் மட்டும் வழக்கம் போல இறுக்கிக் கட்டுங்கள்.

கோடைமழை:
இரண்டு வாரம் கழித்து வருகிறேன். தட்டைச் சோல், பால் வெள்ளைக் கேன்வாஸ் வாங்கிவிட்டேன், சாயங்காலம் போய், சாக்ஸோடு. சட்டைக் கவுனை 8 செ.மீ. ஏற்றிக் கையாலேயே ஓரம் தைத்தேன். இன்று அதைப் போட்டுக்கொண்டு காலை முதல் மாலை வரை நின்றேன், நடந்தேன், மூன்று மாடி ஏறி இறங்கினேன். கொப்புளம் இல்லை. கண்ணாடிக் கதவு ஒன்றைக் கடக்கும்போது என் உருவம் தெரிந்தது, நின்று பார்த்துவிட்டுத்தான் போனேன். மேக்ஸியைத் துவைத்துத் தொங்கவிட்டிருக்கிறேன், இரண்டு விரல் இறங்கியிருக்கிறது அக்கா, நீங்கள் சொன்னபடியே!

ஒரே ஒரு சந்தேகம். சட்டைக் கவுனின் ஓரத்தில் இடது பக்கத் தையலுக்கு அருகே ஒரு இடம் மட்டும் இழுத்துக்கொண்டு சுருங்குகிறது. முழுசாகப் பிரித்துத் தைக்க வேண்டுமா?

ஊசிநூல்:
வேண்டாம். அந்த இடத்தில் நூலை இறுக்கிவிட்டீர்கள், அவ்வளவுதான். சுருங்கும் இடத்தில் நாலைந்து தையலை மட்டும் பிரித்துவிட்டு, இரண்டு பக்கமும் நுனியை முடிச்சுப் போட்டு, இந்த முறை நூலைத் தளர்வாக விட்டுத் தையுங்கள். ஒவ்வொரு தையலிலும் மேல்துணியின் ஒரே ஓர் இழையை மட்டும் ஊசி நுனியால் எடுங்கள், வெளிப்பக்கம் தெரியவே தெரியாது. பிறகு ஈரத்துணி போட்டு இஸ்திரியை அழுத்தி எடுங்கள், தேய்க்க வேண்டாம்.

மேக்ஸி இன்னும் ஒரு நாள் தொங்கட்டும்.